குடல், இரைப்பை நோய்களில் ஆராய்ச்சி செய்ய ஆசைப்படும் பேத்தாலஜி மாணவருக்கு

எம்.டி. பேத்தாலஜி (திசுவைப் பார்த்து நோயைக் கண்டறியும் துறை) சேர்ந்த சில மாதங்களிலேயே தீசிஸ் தலைப்பு கேட்பார்கள். பெரும்பாலும் நடப்பது இதுதான்: ஏதோ ஒரு ஐ.எச்.சி. மார்க்கர் (திசுவில் ஒரு புரதம் இருக்கிறதா என்று ஆன்டிபாடி போட்டு நிறத்தால் காட்டுவது), ஏதோ ஒரு உறுப்பு, ஐம்பது கேஸ், தலைப்பு தயார். மூன்று வருடம் கழித்து அது பைண்டிங் போட்டு நூலகத்துக்குப் போய்விடும், எழுதியவரே திரும்ப எடுத்துப் பார்க்க மாட்டார். பட்டத்துக்கு அது போதும். ஆனால் ஜீரண மண்டல நோய்களிலும் புற்றுகளிலும் தொடர்ந்து ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு இருந்தால், தலைப்பை மார்க்கர் கேட்டலாக்கில் தேடாதீர்கள். தினமும் உங்கள் மேசைக்கு வரும் பயாப்ஸி டிரேயில் தேடுங்கள். ஒரு நல்ல கேள்வி, ஒழுங்காகக் கையாளப்பட்ட திசு, நோயாளிக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்ற தகவல், இந்த மூன்றும் இருந்தால் பெரிய மாலிக்யூலர் லேப் இல்லாமலேயே உலகம் படிக்கிற வேலையைச் செய்யலாம். செய்தும் இருக்கிறார்கள்.

ராபின் வாரனை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவில் ராயல் பெர்த் மருத்துவமனையில் ரிப்போர்ட் கொடுத்துக்கொண்டிருந்த பேத்தாலஜிஸ்ட். 1979 ஜூன் மாதம் ஒரு இரைப்பை பயாப்ஸியின் மேற்பரப்பில் மெல்லிய நீலக் கோடு ஒன்று கண்ணில் பட, ஹை பவரில் பார்த்தால் பாக்டீரியா. அமிலம் நிறைந்த இரைப்பையில் பாக்டீரியா வாழாது என்பதுதான் அன்றைய பாடம், அதனால் கூட இருந்தவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் வார்த்தின்-ஸ்டாரி வெள்ளிச் சாயம் போட்டுப் பார்த்தார், இன்னும் தெளிவாகத் தெரிந்தன. அதோடு விட்டிருந்தால் அது ஒரு சுவாரசியமான ஸ்லைடு, அவ்வளவுதான். அவர் அடுத்தடுத்து வந்த இரைப்பை பயாப்ஸிகளில் எல்லாம் தேடினார், எந்த மாதிரி அழற்சியோடு அவை சேர்ந்து வருகின்றன என்று குறித்துக்கொண்டே போனார். 1981-ல் பாரி மார்ஷல் என்ற இளம் டாக்டர் வந்து சேர்ந்தார், இருவரும் நூறு நோயாளிகளை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள், 1984-ல் லான்செட்டில் கட்டுரை வந்தது. 1994-ல் ஹெலிகோபாக்டர் பைலோரியை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் வகைப் புற்றுக்காரணியாக அறிவித்தது. 2005-ல் நோபல். ஆரம்பித்தது தினசரிச் சாயம் போட்ட ஒரு எச் அண்ட் ஈ ஸ்லைடில்.

நம் ஊரில் இதற்கு இணையான கேள்விகள் இல்லையா? நிறைய இருக்கின்றன. சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இலியோசீகல் பகுதியில் அல்சர், பயாப்ஸியில் கிரானுலோமா (அழற்சிச் செல்கள் திரண்ட முடிச்சு). காசநோயா, க்ரோன்ஸ் என்ற நாள்பட்ட குடல் அழற்சி நோயா? வெளிநாட்டுப் பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு வரிதான் இருக்கும், நமக்கோ இது வாராவாரம் வரும் தலைவலி, க்ரோன்ஸ் என்று தப்பாகச் சொன்னால் காசநோய் உள்ளவருக்கு ஸ்டீராய்டு போய்ச் சேரும். இதை வேலூர் சி.எம்.சி. குழுவினர் கையில் எடுத்து, எண்டோஸ்கோப்பி பயாப்ஸிகளை மட்டும் வைத்து ஒப்பிட்டு 1999-ல் 'கட்' (Gut) என்ற மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். பெரிய கிரானுலோமாக்கள், ஒன்றோடொன்று இணைந்தவை, நடுவில் கேசியேஷன் (பாலாடைக்கட்டி போலச் சிதைந்த திசு), அல்சரின் விளிம்பில் எபிதீலியாய்டு செல்கள் வரிசையாக நிற்பது, இவையெல்லாம் காசநோய்ப் பக்கம். சின்ன மைக்ரோகிரானுலோமா, அங்கங்கே திட்டுத்திட்டாக அழற்சி, இவை க்ரோன்ஸ் பக்கம். இன்றைக்கும் உலகம் முழுக்க இந்தக் கேள்வி வரும்போது அந்தக் கட்டுரையைத்தான் எடுக்கிறார்கள். அதே வேலூரில் 1960-களில் வட ஆற்காடு கிராமங்களில் பரவிய டிராபிகல் ஸ்ப்ரூவை (உணவுச் சத்தைக் குடல் உறிஞ்ச முடியாமல் போகும் நோய்) ஆராய்ந்து உலக வரைபடத்தில் இடம்பிடித்ததும் இப்படித்தான், தங்கள் வாசலுக்கு வந்த நோயை விடாமல் பார்த்ததால்.

இன்னும் திறந்தே கிடக்கும் கேள்விகளைச் சொல்கிறேன். இந்தியாவில் ஹெலிகோபாக்டர் பைலோரி தொற்று மிகப் பரவலாக இருக்கிறது, ஆனால் அந்த அளவுக்கு இரைப்பைப் புற்று பல இடங்களில் இல்லை. மிசோரத்தில் மட்டும் நாட்டிலேயே மிக அதிகம். சென்னையில் மும்பையைவிட அதிகம். ஏன்? பித்தப்பைப் புற்று கங்கைச் சமவெளியில் குவிந்திருக்கிறது, தெற்கே குறைவு. ஏன்? பெருங்குடல், மலக்குடல் புற்று நம்மிடம் இளவயதினருக்கும் கணிசமாக வருகிறது, அதில் செல்கள் மோதிரம் போலத் தெரியும் சிக்னெட் ரிங் வகையும் அடிக்கடி தென்படுகிறது. ஏன்? இவை எல்லாவற்றிலும் பேத்தாலஜிஸ்ட் பார்த்தால்தான் தெரியும் என்கிற ஒரு பகுதி இருக்கிறது. ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள், சைன்-அவுட் (அன்றைய ரிப்போர்ட்டுகளை முடிப்பது) முடிந்ததும் அன்று உங்களைத் தயங்க வைத்த கேஸை இரண்டு வரியில் எழுதுங்கள், லேப் நம்பரோடு. ஒரே மாதிரித் தயக்கம் திரும்பத் திரும்ப வந்தால் உங்கள் கேள்வி அங்கேதான் இருக்கிறது.

கேள்வி கிடைத்ததும் அதை ஒரு சோதனைக்கு உட்படுத்துங்கள்: பதில் எப்படி வந்தாலும் யாராவது ஏதாவது மாற்றிச் செய்வார்களா? சர்ஜன் வேறு முடிவெடுப்பாரா, நீங்கள் ரிப்போர்ட்டில் ஒரு வரி சேர்ப்பீர்களா? மாட்டார்கள் என்றால் விட்டுவிடுங்கள், எவ்வளவு புது மார்க்கராக இருந்தாலும் சரி. கேள்வியைச் சின்னதாக்கவும் தயங்காதீர்கள். 'இரைப்பைப் புற்றின் நோய்க்கூறியல்' என்பதெல்லாம் ஒரு துறை, அதை மூன்று வருடத்தில் முடிக்க முடியாது. 'ஆன்ட்ரம் பயாப்ஸி மட்டும் எடுத்தால் எத்தனை பேருக்கு இன்டெஸ்டினல் மெட்டாபிளேசியா தவறிப்போகிறது' என்பது கேள்வி (ஆன்ட்ரம் இரைப்பையின் கீழ்ப்பகுதி, இன்டெஸ்டினல் மெட்டாபிளேசியா என்பது இரைப்பையின் உட்படலம் குடல் படலம் போல மாறுவது). திருத்திய சிட்னி முறைப்படி ஆன்ட்ரத்தில் இரண்டு, நடுப்பகுதியான பாடியில் இரண்டு, வளைவான இன்சிசூராவில் ஒன்று என ஐந்து துண்டு எடுக்கச் சொல்கிறார்கள். உங்கள் எண்டோஸ்கோப்பி அறையிலிருந்து எத்தனை வருகின்றன என்று ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள், அதுவே ஒரு ஆய்வுக்கு ஆரம்பம்.

இனி கிராசிங், அதாவது ஆபரேஷனில் எடுத்த உறுப்பைக் கண்ணால் பார்த்து, வெட்டி, மைக்ராஸ்கோப்புக்குத் துண்டு எடுக்கும் வேலை. இதில் கொஞ்ச நேரம் நிற்கப்போகிறேன், ஏனென்றால் ஜீரண மண்டல ஆராய்ச்சி உருப்படுவதும் உருப்படாமல் போவதும் இங்கேதான், ஆனால் கிராசிங் டேபிளை முதலாண்டு மாணவர் தலையில் கட்டிவிட்டுப் போவதுதான் பல இடங்களில் வழக்கம். 1986-ல் இங்கிலாந்தின் லீட்ஸில் ஃபில் குவிர்க் என்ற பேத்தாலஜிஸ்டும் அவருடைய குழுவும் ஒரு மலக்குடல் புற்று ஆய்வை வெளியிட்டார்கள். வெறும் 52 நோயாளிகள். முழு ஸ்பெசிமனையும் குறுக்குவாக்கில் துண்டுபோட்டு, பக்கவாட்டு விளிம்பு வரை புற்று போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். 14 பேருக்குப் போயிருந்தது. அந்த 14 பேரில் 12 பேருக்கு இடுப்புக்குள்ளேயே நோய் திரும்ப வந்தது. நோய் ஏன் அதே இடத்தில் திரும்புகிறது என்பதற்குக் காரணம் வெட்டும் விதத்தில் இருக்கிறது என்று காட்டிய வேலை இது, அறுவைச் சிகிச்சை நடக்கும் விதத்தையே மாற்றியது. அதற்குத் தேவைப்பட்டவை கத்தி, மை, பொறுமை, அப்புறம் அந்த நோயாளிகளை விடாமல் பின்தொடர்ந்தது.

அதனால் மலக்குடல் ஸ்பெசிமன் வந்தால் இப்படிச் செய்யுங்கள். வந்த உடனே, ஃபார்மலினில் போடும் முன்பே, முன்பக்கமும் பின்பக்கமும் போட்டோ எடுங்கள், ஸ்கேலும் லேப் நம்பரும் படத்தில் தெரியட்டும். மீசோரெக்டத்தின் (மலக்குடலைச் சுற்றியுள்ள கொழுப்பு) மேற்பரப்பு வழவழப்பாக இருக்கிறதா, குழி விழுந்திருக்கிறதா, தசை தெரிகிறதா என்று அப்போதே எழுதிவிடுங்கள், பிறகு பார்த்தால் தெரியாது. பெரிட்டோனியம் (வயிற்றின் உட்சவ்வு) மூடாத பரப்பில் மை பூசுங்கள், விளிம்பு எது என்று பிறகு அந்த மைதான் காட்டும். கட்டி இருக்கும் பகுதியைத் திறக்காமல் மேலும் கீழும் மட்டும் திறந்து, தாராளமான ஃபார்மலினில் இரண்டு நாள் விடுங்கள். சர்ஜன் அவசரப்படுத்துவார், பேசிப் புரியவையுங்கள். பிறகு 3 முதல் 5 மில்லிமீட்டர் தடிமனில் குறுக்காக வெட்டி, துண்டுகளை வரிசையாக அடுக்கி மறுபடி ஒரு போட்டோ. புற்று மைக்கு மிக நெருங்கும் இடத்தை பிளாக் எடுங்கள், தூரத்தை மைக்ராஸ்கோப்பில் அளந்து மில்லிமீட்டரில் எழுதுங்கள், 'விளிம்பு நெருக்கமாக உள்ளது' என்று எழுதினால் பத்து வருடம் கழித்து அந்த வார்த்தையை வைத்து யாராலும் எதையும் கணக்கிட முடியாது. 1 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ என்றால் விளிம்பு பாசிட்டிவ். நிணநீர்க் கணுக்கள் குறைந்தது 12 என்பார்கள், கொழுப்பை விரலால் தடவித் தேடுவதற்குச் சோம்பல் படாதீர்கள், கீமோதெரபி முடிவு அந்த எண்ணிக்கையில் தொங்குகிறது.

ஃபார்மலின் என்றதும் இன்னொன்று. 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலின், திசுவைவிடப் பத்து மடங்கு அளவு, 6 மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்துக்கு மிகாமல். திறக்காத இரைப்பையைச் சின்ன டப்பாவில் திணித்து சனிக்கிழமை மாலை அனுப்பினால் திங்கட்கிழமை உங்களிடம் வருவது அழுகிய மியூக்கோசாதான். அதில் என்ன ஐ.எச்.சி. போட்டாலும் வீண். ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டரிடமும் உதவியாளரிடமும் நீங்களே நேரில் போய்ப் பேசி, பெரிய டப்பாவும் ஃபார்மலினும் அங்கே இருக்கும்படி செய்துவிட்டால் உங்கள் ஆய்வின் பாதி வேலை முடிந்தது.

ஐ.எச்.சி. தேவைப்படும் கேள்விகளும் உண்டு, மறுக்கவில்லை. டி.என்.ஏ. பிழைகளைச் சரிசெய்யும் மிஸ்மேட்ச் ரிப்பேர் புரதங்களை எடுத்துக்கொண்டால் எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6 என்று நான்கு ஆன்டிபாடிகள். லிஞ்ச் சிண்ட்ரோம் (பரம்பரையாகப் புற்று வரவைக்கும் மரபணுக் கோளாறு) உள்ள குடும்பத்தைக் கண்டுபிடிக்க இது வழி, இம்யூனோதெரபி யாருக்கு வேலை செய்யும் என்று சொல்லவும் இதுதான். ஆனால் புற்றுச் செல்களில் நிறம் இல்லை என்று 'லாஸ்' (புரதம் இழப்பு) எழுதும் முன் பக்கத்தில் இருக்கும் லிம்போசைட்டுகளிலும் சாதாரண கிரிப்டுகளிலும் நிறம் வந்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால் அது ஃபிக்ஸேஷன் கோளாறு, அந்த பிளாக்கை விட்டு வேறு பிளாக் எடுங்கள். இந்த ஒரு விஷயத்தைக் கவனிக்காமல் வெளிவந்த சதவீதங்களை நான் நம்புவதில்லை.

அளவிடுவதில் வரும் சிக்கலுக்கு ட்யூமர் படிங் நல்ல உதாரணம். பெருங்குடல் புற்றின் முன்விளிம்பில் தனிச் செல்லாகவோ நான்கு செல்கள் வரையிலான கொத்தாகவோ பிரிந்து நிற்பவற்றை எண்ணுவது. 2016-ல் உலக அளவில் ஒப்புக்கொண்ட முறைப்படி, அதிகமாக இருக்கும் ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்து 0.785 சதுர மில்லிமீட்டர் பரப்பில் எண்ண வேண்டும். 0 முதல் 4 வரை குறைவு, 5 முதல் 9 வரை நடுத்தரம், 10-ம் அதற்கு மேலும் அதிகம். இந்த 0.785 எங்கிருந்து வந்தது? ஐபீஸில் ஃபீல்டு நம்பர் 20 என்று போட்டிருந்தால், 20எக்ஸ் ஆப்ஜெக்டிவில் ஃபீல்டின் விட்டம் 1 மில்லிமீட்டர், பரப்பு 0.785. உங்கள் ஐபீஸில் 22 என்று இருந்தால் விட்டம் 1.1, பரப்பு 0.95, ஆக எண்ணி வந்ததை 1.21-ஆல் வகுக்க வேண்டும். வகுக்காவிட்டால் 11 படுகள் (அப்படிப் பிரிந்து நிற்பவை) இருக்கும் நோயாளி அதிக வகையில் போய்விழுவார், வகுத்தால் 9, நடுத்தரம். இப்போதே எழுந்து உங்கள் ஐபீஸில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். ஹை பவர் ஃபீல்டில் இத்தனை என்று எழுதும் எல்லா ஆய்வுக்கும் இது பொருந்தும்.

எண்ணியதை இன்னொருவரும் எண்ண வேண்டும், உங்கள் முடிவைப் பார்க்காமல், நோயாளியின் கதை தெரியாமல். இருவருக்கும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதைக் காட்டும் கப்பா என்ற எண்ணைக் கணக்கிடுங்கள். கப்பா மோசமாக வந்தால் மனம் தளர வேண்டாம், எங்கே முரண்பட்டீர்கள் என்று பலர் ஒரே ஸ்லைடைப் பார்க்கும் மல்ட்டிஹெட் மைக்ராஸ்கோப்பில் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். பல நேரம் வரையறைதான் குழப்பமாக இருக்கும், அதைச் சரிசெய்வதே ஒரு கட்டுரைக்குப் போதுமான விஷயம். சர்வைவல் அனாலிசிஸ் செய்வதாக இருந்தால் மொத்தம் எத்தனை நோயாளிகள் என்பதைவிட எத்தனை பேருக்கு நோய் திரும்பியது, எத்தனை பேர் இறந்தார்கள் என்பதைப் பாருங்கள். அறுபது பேரில் பதினைந்து பேர்தான் இறந்திருக்கிறார்கள் என்றால் ஏழு காரணிகளை ஒன்றாகப் போட்டு மல்ட்டிவேரியேட் செய்வதில் அர்த்தமே இல்லை. ஆரம்பிக்கும் முன்பே, டேட்டா சேர்ந்த பிறகு அல்ல, ஒரு புள்ளியியலாளரிடம் போய் உட்காருங்கள்.

நோயாளிக்கு அப்புறம் என்ன ஆயிற்று? நம் துறையின் பெரிய பலவீனம் இது. நமக்கு ஸ்லைடு தெரியும், ஆளைத் தெரியாது. வாராந்திர ட்யூமர் போர்டுக்கு ஒன்று விடாமல் போங்கள், படம் காட்டிவிட்டு எழுந்து வராமல் கடைசி வரை உட்கார்ந்து கேளுங்கள். கேஸ்ட்ரோ டாக்டரும் சர்ஜனும் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் நிலை வந்தால் ரெக்விசிஷனில் 'ரூல் அவுட் மேலிக்னன்சி' என்ற ஒற்றை வரிக்குப் பதிலாக எண்டோஸ்கோப்பியில் பார்த்ததை எழுதி அனுப்புவார்கள். மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவு ஊழியரோடு நல்ல பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். புற்றுநோய்ப் பதிவேடுகளின் அறிக்கைகளையும் படியுங்கள், தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தின் கீழ் சென்னை, பெங்களூரு, மும்பையில் 1982-லிருந்து மக்கள்தொகை அடிப்படையில் பதிவு நடக்கிறது, சென்னைப் பதிவேடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில்தான் இருக்கிறது. உங்கள் மருத்துவமனை கேஸ்கள் மொத்த மக்கள்தொகையை எவ்வளவு பிரதிபலிக்கின்றன என்று புரிந்துகொள்ள இது வேண்டும்.

எதிக்ஸ் கமிட்டி விஷயம் சீக்கிரம் முடியும், ஆனால் தள்ளிப்போடாதீர்கள். பழைய பிளாக்குகளை அடையாளம் நீக்கிப் பயன்படுத்துவதாக இருந்தால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதல்படி ஒப்புதல் படிவத்திலிருந்து விலக்கு கேட்கலாம், முடிவு கமிட்டியுடையது. பிளாக்கை முழுசாக வெட்டித் தீர்த்துவிடாதீர்கள், அது நோயாளியுடையது, நாளைக்கே அவருக்கு ஒரு டெஸ்ட் தேவைப்படலாம். ஆராய்ச்சி முறைகளுக்கு, சென்னையில் இருக்கும் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் நடத்தும் ஆன்லைன் பேசிக் கோர்ஸை எப்படியும் எல்லா முதுநிலை மாணவர்களும் முடிக்க வேண்டும். சர்ட்டிஃபிகேட்டுக்காக வீடியோவை ஓடவிட்டுத் தூங்காமல் பாடமாகவே கேளுங்கள், உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. எம்.டி. தீசிஸுக்கு ஐ.சி.எம்.ஆர். நிதியுதவியும் தருகிறது, விண்ணப்பியுங்கள், கிடைக்காவிட்டாலும் ப்ரோட்டோகால் எழுதப் பழகியிருப்பீர்கள்.

கருவிகளுக்குச் செலவில்லாத வழிகள் இருக்கின்றன. க்யூபாத் என்ற மென்பொருள் பெல்ஃபாஸ்டில் உருவாகி 2017-ல் வெளியான கட்டுரையோடு உலகம் முழுக்கப் பரவியது, இலவசம், ஸ்கேன் செய்த ஸ்லைடில் செல் எண்ணவும் பரப்பு அளக்கவும் வேறெதுவும் வேண்டாம். ஸ்கேனர் இல்லாத கல்லூரியில் இருப்பவர்கள் பக்கத்துப் பெரிய நிறுவனத்தில் கேட்டுப் பாருங்கள், முப்பது ஸ்லைடு ஸ்கேன் செய்து தருவதற்குப் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். ஆன்டிபாடிச் செலவைக் குறைக்க டிஷ்யூ மைக்ரோஅரே உதவும், பல நோயாளிகளின் திசுவிலிருந்து ஊசி அளவு துண்டுகள் எடுத்து ஒரே பிளாக்கில் அடுக்குவது. ஆனால் இரைப்பைப் புற்றில் ஹெர்2 என்ற புரதம் ஒரே கட்டியிலேயே ஓரிடத்தில் இருக்கும், இன்னோரிடத்தில் இருக்காது, அங்கே இந்தச் சிக்கனம் உங்களைத் தவறான பதிலில் கொண்டுபோய் விடும்.

எழுதுவதற்கு வருவோம். கேஸ் ரிப்போர்ட்டை மட்டமாக நினைக்காதீர்கள், எழுதப் பழக அதுதான் நல்ல இடம், ஆனால் அதிலேயே நின்றுவிடாதீர்கள். மார்க்கர் பற்றிய ஆய்வுக்கு ரிமார்க் (REMARK), நோயறியும் முறைக்கு ஸ்டார்ட் (STARD) என்ற சரிபார்ப்புப் பட்டியல்களை ஆய்வு தொடங்கும்போதே அச்செடுத்து மேசையில் ஒட்டுங்கள், எழுதும்போது தேடினால் விட்டுப்போன தகவலைத் திரும்பச் சேகரிக்க முடியாது. பத்து நாளில் வெளியிடுகிறோம், பணம் அனுப்புங்கள் என்று மெயில் அனுப்பும் பத்திரிகைகளுக்குப் பதில்கூடப் போடாதீர்கள். பதவி உயர்வுக்குக் கட்டுரை வேண்டும் என்ற நெருக்கடி எல்லோருக்கும் உண்டு, ஆனால் நான்கு வருட உழைப்பை அங்கே போட்டால் அதை யாரும் படிக்கவும் மாட்டார்கள், வேறெங்கும் வெளியிடவும் முடியாது. ஆசிரியர் வரிசையை ஆரம்பத்திலேயே பேசி எழுத்தில் வைத்துவிடுங்கள். கேட்க அசௌகரியமாகத்தான் இருக்கும், கட்டுரை ஏற்றுக்கொள்ளப்பட்ட அன்று கேட்பது அதைவிடக் கஷ்டம்.

எம்.டி. முடிந்ததும் கல்லீரலில் ஆர்வம் இருப்பவர்கள் டில்லியின் கல்லீரல் நிறுவனமான ஐ.எல்.பி.எஸ்., புற்றில் ஆர்வம் இருப்பவர்கள் மும்பை டாடா மெமோரியல் என்று மேற்பயிற்சிக்குப் போகலாம். போகிற இடத்தில் எத்தனை ஸ்லைடு பார்க்கலாம் என்று மட்டும் விசாரிக்காதீர்கள், உங்கள் கேள்விக்குத் தேவையான பழைய கேஸ்களும் ஃபாலோ-அப்பும் அங்கே இருக்கின்றனவா என்று கேளுங்கள். அப்புறம், கேள்வியை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். பெலாயோ கொரெயா என்ற கொலம்பியப் பேத்தாலஜிஸ்ட் நாரின்யோ மாநிலத்தில் ஒரே ஒரு புதிரைப் பிடித்துக்கொண்டார்: மலைப்பகுதி மக்களுக்கு இரைப்பைப் புற்று மிக அதிகம், அதே மாநிலத்தின் கடற்கரை மக்களுக்குக் குறைவு. அழற்சி, அட்ரோஃபி (சுரப்பிகள் தேய்வது), இன்டெஸ்டினல் மெட்டாபிளேசியா, டிஸ்பிளேசியா (புற்றுக்கு முந்தைய செல் மாற்றம்), புற்று என்று படிப்படியாகப் போகும் பாதையை 1975-ல் லான்செட்டில் முன்வைத்தார். அப்போது பைலோரி யாருக்கும் தெரியாது. அது தெரிய வந்ததும் தன் மாதிரியில் அதைச் சேர்த்துத் திருத்தினார், அதே மக்களிடம் பல பத்தாண்டுகள் தொடர்ந்து வேலை செய்தார். இன்று நீங்கள் 'இன்டெஸ்டினல் மெட்டாபிளேசியா, கண்காணிப்பு தேவை' என்று எழுதும் வரி அந்த வேலையிலிருந்து வந்தது.

உதவிப் பேராசிரியராகச் சேர்ந்த முதல் வருடத்தில் சொந்தக் கட்டுரைக்கு அவசரப்படாமல் இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள். ஒன்று, பிளாக்குகள் எங்கே, எத்தனை வருடத்துக்கு, எந்த வரிசையில் இருக்கின்றன என்று போய்ப் பார்ப்பது. ஈரம் படும் அறை என்றால் அலமாரியை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுப்பது. இரண்டு, ஜீரண மண்டல கேஸ்கள் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி படிவத்தில் ரிப்போர்ட் வரும்படி செய்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் என்ன எண், என்ன பொருள் என்று ஒரு குறிப்பேடு எழுதிவைப்பது. அந்தக் குறிப்பேட்டின் ஒரு பிரதியை உங்களுக்கு அடுத்து வரும் மாணவரிடமும் கொடுங்கள், தீசிஸ் தலைப்பு கேட்டு அவர் வரும்போது பேச அதுவே போதும்.